ஊசிக்குப் பிறகு போட்ட கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியில் கையெழுத்தக்காவிடம் மாட்டாமல் தப்பித்தவர்கள் இரண்டே வகை. உடம்பில் கத்தி படாதவர்கள் ஒரு வகை. அவள் லீவில் இருந்த நாளில் வந்தவர்கள் இன்னொரு வகை. அவளோ லீவே எடுக்க மாட்டாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி கூட்டுகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் கையெழுத்தக்காதான். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர்கூட, கிண்டல் பண்ண நினைக்கும்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார். ஐம்பத்து மூன்று வயது, குட்டையான உருவம், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. இடது கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

அந்தத் தழும்பு அவளுடைய முதல் வேலை கொடுத்த பரிசு. ஆபரேஷனில் எடுக்கிற சதைத் துண்டை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியைத் தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றிக் கொடுக்கும் வேலை. இருபத்தோரு வயதில் சேர்ந்தாள். சீவுகிற கத்தி கண் பார்க்கிற திசையை மதிக்காது, கை போகிற திசையை மட்டும் மதிக்கும் என்று முதல் மாதமே தெரிந்துகொண்டாள்.

அப்போதெல்லாம் கேட்பார் கிடையாது. மிச்சமிருக்கும் சதையை டாக்டர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆராய்ச்சி என்பார்கள், பாடம் நடத்த என்பார்கள், சிலர் எதுவுமே சொல்ல மாட்டார்கள். கீழ்த்தள அலமாரியில் பேரும் ஊரும் இல்லாத பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒருநாள் ஒரு மனிதர் வந்தார். பெண்டாட்டி அந்த ஆஸ்பத்திரியில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உடம்பைக் கொடுக்கும்போது ஏதோ ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டதாக யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"என்ன எடுத்தீங்க? எங்க வச்சிருக்கீங்க? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றார்.

விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் ஜன்னலில் நின்றது இவள்தான். உள்ளே போய்க் கேட்டாள். ஒருவர் தோளைக் குலுக்கினார், ஒருவர் பேப்பர் படித்தார். திரும்பி வந்து, "தெரியாதுங்க" என்றாள். அவர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஐந்து வாரம் அவர் முகத்தைப் பார்த்து அதே "தெரியாதுங்க"வை அவள் சொன்னாள். ஆறாவது வாரம் அவர் வரவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு மறந்துபோயிருக்கும். அவரோ ஒவ்வொரு தடவையும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இதே மாதிரி விஷயங்கள் வெளியே வந்து, ஜனங்கள் கொதித்துப்போய், சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் மனுஷ உடம்பின் நகத்துணுக்கைக்கூட ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. யாருடைய உடம்போ அவர்கள் விளங்கிக்கொண்டு, மனசார, எழுத்தில் சம்மதம் தர வேண்டும். லைசென்ஸில் பொறுப்பாளர் என்று ஒரே ஒரு ஆளின் பெயர் இருக்கும். தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆள்.

உடனே ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் வேலை அதிகமாகிவிட்டது. ஒரு டாக்டருக்கு நேரமில்லை, இன்னொருவர் வெளிநாடு போகிறார், மூன்றாமவருக்கு ரத்தக்கொதிப்பு. சுற்றிச் சுற்றிக் கடைசியில் அது மெழுகு சீவுகிறவள் தலையில் வந்து விடிந்தது. நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்திருப்பார்கள். அவளோ சட்டப் புத்தகத்துக்கு அட்டை போட்டு மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை, புரியாத இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய் லைசென்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பதினொரு வருஷம். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இரண்டு அறைகள் அவள் ராஜ்ஜியம். ஒன்றில் ப்ரீசர்கள், இன்னொன்றில் மெழுகுக் கட்டிகள் வைத்த இரும்பு இழுப்பறைகள். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர் கொடுத்தது உள்ளே இருந்தது. அவர்களில் யாராவது வந்து கேட்டால், எந்த இழுப்பறை, எந்தப் பெட்டி, எந்தக் குழி என்று ஒரு நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

சம்மதம் வாங்குவதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு பக்கச் சம்மதப் பாரத்தையும் வரிவரியாக வாய்விட்டுப் படிப்பாள். ஜனங்கள் சும்மா விடுவார்களா? "என் பேரு வெளிய வருமா?" "வித்துடுவீங்களா?" "நான் செத்த பிறகும் அது உயிரோட இருக்குமா?" ஒருவர், தன்னை மாதிரியே இன்னொரு ஆளைச் செய்துவிடுவார்களா என்று கேட்டார். அவர் மனைவி குறுக்கிட்டு, "வேண்டாம்மா, இந்த ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்றாள். எல்லாவற்றுக்கும் கையெழுத்தக்கா பதில் சொல்வாள். வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேட்டதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக நோயாளிகள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை அலைகிறார்கள். மூட்டுவலிக்காரி ஒருத்தி இரண்டு பஸ் மாறி வந்து மூச்சு வாங்கியதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆபரேஷன் அன்று காலையிலேயே, தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும் அறையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தாள். எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. ஜனங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் படிக்கப் படிக்கப் புன்னகையோடு தலையாட்டினார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமை. ஒன்பது வருஷப் பழக்கம், வாசிப்பு கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்பல்லாம் நான் படிச்சா பட்டுனு புரிஞ்சிடுதுங்க. ஒருத்தர்கூட மறு கேள்வி கேக்கறதில்ல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"நீ படிச்சா தூக்கம்ல வரும்" என்றார் அவர்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பாவம், அவர் வாயில் வந்தது சத்தியமான வார்த்தை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

லைசென்ஸ் புதுப்பிக்க ஆய்வாளர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் வழக்கப்படி ஏதோ ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து, யாருடையது, எப்போது எடுத்தது என்று ரெஜிஸ்டரில் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாரம் வரைக்கும் போனாள். பாரத்தில் கையெழுத்து கோட்டின் மேல் ஆரம்பித்துச் சரிந்து, தாளின் கீழ்க்கோடி வரை வழிந்திருந்தது. வயசாளியாக இருக்கும் என்று பார்த்தால், வயது முப்பத்திரண்டு. அடுத்த பாரத்தை எடுத்தாள். அதுவும் சரிந்திருந்தது. அதற்கடுத்ததில் பாதிப் பெயர்தான் இருந்தது.

நேரே போய் நர்ஸ்களின் பழைய குறிப்புகளை எடுத்து வந்து பாரங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊசி, ஒன்பது ஐந்து. கையெழுத்து, ஒன்பது இருபது. ஊசி, எட்டு நாற்பது. கையெழுத்து, எட்டு ஐம்பத்தைந்து.

பயத்தைத் தணிக்கப் போடுகிற மயக்க ஊசி அது. முன்பெல்லாம் தியேட்டருக்கு உள்ளே கொண்டுபோன பிறகுதான் போடுவார்கள். புதிதாக வந்த தியேட்டர் நர்ஸ், நோயாளிகள் நடுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், காத்திருக்கும் அறையிலேயே போட ஆரம்பித்திருக்கிறாள். அவளும் நல்லதைத்தான் நினைத்தாள். மூன்றரை மாதம் கழித்துத் தியேட்டர் வேறு கட்டடத்துக்கு மாறியபோது அந்த வழக்கமும் நின்றுவிட்டது; கேள்விகளும் மெல்லப் பழையபடி வர ஆரம்பித்தன. அப்போது நோயாளிகளின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்த கையெழுத்தக்கா, ரத்தம் எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். புன்னகையும் தலையாட்டலும் அவள் வாசிப்பின் மகிமை அல்ல, மருந்தின் வேலை.

மூன்றரை மாதம், முப்பத்தெட்டுப் பேர். யார் தலையிலும் கட்ட முடியாது. யோசனை அவளுடையது, படித்தது அவள், கையெழுத்து வாங்கியது அவள். வெட்கத்தில் காது சுட்டது. பிறகு முப்பத்தெட்டுப் பாரங்களையும் அள்ளிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

பெரிய டாக்டர் கெட்ட மனிதர் அல்ல. கல்லீரலில் வருகிற ஒரு அபூர்வமான புற்றுநோயைப் பற்றி நாலு வருஷமாக ஆராய்கிறார். அதில் போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அந்த நோயின் மெழுகுக் கட்டிகள் அறையில் மொத்தம் மூன்று. அவற்றில் நல்ல கட்டி, ஏழாம் பெட்டி நாலாம் குழியில் இருப்பது, இந்த முப்பத்தெட்டில் அடக்கம்.

அவர் பாரங்களைப் புரட்டினார். "சின்ன ஊசி. பதினஞ்சு நிமிஷத்துல யாரும் நினைவு தப்பிட மாட்டாங்க."

"நினைவு தப்பாது சார். 'வேண்டாம்'னு சொல்ற தெம்பு தப்பிடும்."

"ஆய்வாளர் பாரத்தைப் பாப்பாங்க. நர்ஸ் குறிப்பை யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபம் வந்தால் அவளை மேடம் என்பார். "மேடம், லைசென்ஸ் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? முப்பத்தெட்டு இல்ல, எல்லாப் பெட்டியையும் மூடணும். சரியா சம்மதம் குடுத்த ஆயிரத்து இருநூறு பேரோடதும் குப்பைக்குப் போகும். அவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பாரங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் யூனிபார்மைக் கழற்றிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். தூக்கம் வரும் என்று தான் சொன்னதை நினைவுபடுத்தும் ஆசை அவர் வாய் வரைக்கும் வந்ததை அவளே பார்த்தாள். நல்ல வேளை, விழுங்கிக்கொண்டார்.

"வண்டி யார் மேலயாவது இடிச்சுட்டா நான் என்ன பண்ணணும்?" என்றார்.

"நிறுத்தணும்."

"நிறுத்தி, இறங்கி, நானேதான் போலீசுக்குச் சொல்லணும். வண்டியில அறுபது பேர் நேரத்துக்குப் போகணும்னு உக்காந்திருக்காங்களேன்னு ஓட்டிட்டுப் போயிட முடியாது."

"அந்த அறுபது பேரும் திட்டுவாங்களே."

"திட்டட்டும். திட்டு வாங்காம எவன் பஸ் ஓட்டியிருக்கான்?"

மறுநாள் காலை லைசென்ஸ் ஆபீஸுக்குத் தன் கைப்பட எழுதினாள். 'என் பொறுப்பில் ஒரு தவறு நடந்திருக்கிறது' என்று ஆரம்பித்து, நடந்ததை அப்படியே எழுதி, முப்பத்தெட்டுப் பேரையும் மறுபடி கேட்கப்போவதாக முடித்தாள். நகலைப் பெரிய டாக்டரின் மேஜையில் வைத்தாள். ஏழாம் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கண்ணாடிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டாள். டாக்டர் அன்றைக்கு அவளை மேடம் என்றுகூடக் கூப்பிடவில்லை.

பிறகு ஆரம்பித்தது அவளுடைய படையெடுப்பு. காலையில் போன், மத்தியானம் நேரில். பஸ் பஸ்ஸாக ஏறினாள். வீட்டுக்காரர் ஓட்டுகிற தடத்தில் போகும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாரங்களை அடுக்குவாள். "கையெழுத்தக்கா, இறங்குற இடம் வந்தாச்சு" என்று அவர் கண்ணாடியில் பார்த்துக் கத்துவார்.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் சிரித்தே விட்டாள். "நீங்களா அது? யாரோ பக்கத்துல உக்காந்து தாலாட்டுப் பாடினாங்கன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்." பிறகு பாரத்தை வாங்கிச் சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுச் சம்மதம் கொடுத்தாள்.

குழாய் ரிப்பேர் பண்ணுகிறவர் ஒருவர் கையில் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தார். "அப்ப ரெண்டு வருஷமா என்னைக் கேக்காமத்தான் வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. தப்புதான். தப்பு என்னோடது."

அவர் இன்னும் நிறையத் திட்டலாம் என்று தயாராக இருந்தார். எதிரில் இருப்பவள் ஒத்துக்கொண்டதும் அவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. "வேண்டாம். எரிச்சிடுங்க" என்றார். அவள் அவர் எதிரிலேயே 'வேண்டாம்' என்று குறித்து, என்றைக்கு எரிக்கப்படும் என்ற தேதியையும் எழுதிக் கொடுத்தாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து, "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று குரல் வந்தது. குடித்துவிட்டுத்தான் போனாள்.

நாலாம் குழிக்குச் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். ஆபரேஷன் மேஜையிலேயே இதயம் நின்றுவிட்டது. இறந்தவருக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியது அவர் மனைவி. லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தாள். கண்ணாடிக்கடைக்கு மூக்குக்கண்ணாடி பிரேம் மாட்டிக் கொடுக்கும் வேலை. ஜன்னலோர மேஜையில் பொடி ஸ்க்ரூக்கள் நிறைந்த மூடிகள். கையெழுத்தக்கா மூச்சு வாங்கி முடிக்கும்வரை அந்தப் பெண் காத்திருந்து, பிறகு அவள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க படிச்சப்ப அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தலையாட்டினாரு. சிரிச்சாரு."

"சிரிச்சாரு" என்று அவளும் சொன்னாள். "உள்ள கூட்டிட்டுப் போறப்ப என்னைப் பாத்தும் சிரிச்சாரு. ஒரு வாரமா பயந்து சாப்பிடாம இருந்த மனுஷன். கடைசியில தைரியம் வந்துடுச்சு, சந்தோஷமாத்தான் போனாருன்னு நினைச்சிட்டிருந்தேன்." கையிலிருந்த பிரேமை மேஜையில் வைத்தாள். "அப்ப அதுவும் ஊசியா?"

பொய் சொல்ல ஒரு நொடி கையெழுத்தக்காவுக்கு நாக்கு துடித்தது. இந்த வீட்டில் இருந்த ஒரே ஆறுதலை மாடியேறி வந்து பிடுங்குகிறோமே என்று இருந்தது. ஆனால் பாரமும் கையுமாக உட்கார்ந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"ஊசியாவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா."

அந்தப் பெண் மேஜையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து மூடியில் போட்டாள். "நான் யோசிக்கணும்."

"யோசிங்க. நான் போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டேன். எப்ப தோணுதோ அப்ப சொல்லுங்க."

நாலு மாடி இறங்கி, கீழே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள் கையெழுத்தக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த விலாசத்துக்கு எந்த பஸ் என்று விசாரித்தாள்.

ஆய்வாளர் வந்த அன்று கணக்கு இப்படி இருந்தது. சரி என்றவர்கள் இருபத்தைந்து, வேண்டாம் என்றவர்கள் எட்டு. வீடு மாறிப்போய் எங்கு தேடியும் கிடைக்காதவர்கள் நாலு. அவை எரிக்க வேண்டிய பட்டியலில் இருந்தன. பதில் எழுதாத பக்கம் ஒன்று.

ஆய்வாளர் ஒடிசலான அம்மாள். காலில் ஓடுவதற்கான ஷூ, கையில் மதியச் சாப்பாட்டு டப்பா. சிரிப்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்பது போல முகம். ப்ரீசர்களைப் பார்த்தாள், இழுப்பறைகளைப் பார்த்தாள், கடிதத்தை மேஜையில் விரித்தாள்.

"இது ரொம்பப் பெரிய தப்பு. இதுக்கு மேல ஒண்ணுமே பாக்காம கதவைச் சாத்தச் சொல்லி எழுதலாம்."

"எழுதலாங்க" என்றாள் கையெழுத்தக்கா. ஓரமாக நின்ற பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் முப்பத்தெட்டுப் பக்கங்களையும் எடுத்தாள். சரி என்ற பக்கங்களைத் தொடவே இல்லை. வேண்டாம் என்ற எட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தாள், எரித்த தேதிகளைச் சரிபார்த்தாள், குழாய்க்காரருக்கு அங்கேயே போன் போட்டுப் பேசினாள். போனை வைத்துவிட்டு, "முப்பத்தெட்டு பேரும் சரின்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு அந்த வெற்றுப் பக்கத்துக்கு வந்தாள்.

"இது என்ன?"

"யோசிக்கிறாங்க."

"நாளைக்கு மத்தியானம் நான் அறிக்கை முடிக்கணும். பதில் இல்லாத ஒண்ணை உள்ள வச்சுக்கிட்டு லைசென்ஸ் குடுக்க முடியாது. அந்த நாலோட சேத்து இதையும் எரிக்கப் போடுங்க. விஷயம் முடிஞ்சுது."

"முடியாதுங்க."

பெரிய டாக்டர் கண்ணைத் திறந்தார். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அந்த நாலு பேர் இருக்கிற இடமே தெரியல" என்றாள் கையெழுத்தக்கா. "இவங்க இருக்காங்க, யோசிச்சிட்டிருக்காங்க. கேக்காம வச்சுக்கிட்டது முதல் தப்பு. இப்ப கேட்டுட்டு, பதில் வர்றதுக்கு முன்னால எரிச்சா அது ரெண்டாவது தப்பு. அதை நான் பண்ண மாட்டேன்."

"லைசென்ஸ் போனாலுமா?"

"அதுல இருக்கிறது என் பேருங்க."

ஆய்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

கையெழுத்தக்கா வெளியே வந்ததும் டாக்டர் போனை நீட்டினார். "ஒரே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ப்ளீஸ்." அவர் இறங்கிவந்து கேட்டதில் அவளுக்கு மனசு வலித்தது. தொந்தரவு பண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே! தலையை மட்டும் ஆட்டினாள். இது ஊசி போடாத தலையாட்டல், இடமும் வலமுமாக.

மறுநாள் பத்து மணிக்குப் பிரேம் மாட்டுகிற பெண் தானாகவே வந்து நின்றாள். தலை வாரி, கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள். ஆய்வாளர் மூலையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் வந்தவள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜன்னலில் கேட்ட அதே கேள்வி. கையெழுத்தக்கா ரெஜிஸ்டரைப் புரட்டாமலே சொன்னாள்: "ரெண்டாவது அறை. மூணாவது இழுப்பறை, ஏழாம் பெட்டி, நாலாம் குழி."

"பாக்கலாமா?"

கயிற்றிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, மெழுகுக் கட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தாள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. மங்கலான மெழுகுக்குள் நகக்கண் அளவு பழுப்பு நிறத்தில் ஒன்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. இதுக்கு மேல வேற எங்கயும் எதுவும் இல்ல. நிச்சயமாச் சொல்றேன்."

"இதால யாருக்காவது உபயோகம் இருக்கா?"

"இருக்கு. டாக்டருக்கு இது ரொம்ப முக்கியம். நாளைக்கு இந்த நோய் வர்றவங்களுக்கு உதவலாம். உதவாமலும் போகலாம்." தனக்குப் பாதகமானதையும் பாக்கி வைக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் கையை மூடிக்கொண்டாள். "ராத்திரி பகலா யோசிச்சேன். அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியல. அவரைக் கேக்க வேண்டிய நேரத்துல யாரும் சரியாக் கேக்கல. இப்ப அவருக்குப் பதிலா நான் சரின்னு சொல்ல மாட்டேன். குடுத்துடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

வாசலில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. நாலு வருஷ உழைப்பு ஒரு மூடிய கைக்குள் போவதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கையெழுத்தக்கா அவரை நேருக்கு நேர் பார்த்தாள். டாக்டர் வாயை மூடிக்கொண்டு வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

மூலையில் ஆய்வாளர் கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு இல்லை, ஒரு வருஷத்துக்கு. ஆபரேஷன் அன்று யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆறு மாதத்தில் மறுபடி வருவாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் அதே பெயர்.

கையெழுத்தக்காவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு பாரம் உண்டு, ஒரே பக்கம். அந்தப் பெண் மேஜையில் உட்கார்ந்து அதை முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாம் வரியில் விரலை வைத்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

கையெழுத்தக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஐந்தாம் வரியில் இன்னொரு கேள்வி வந்தது. ஏழாம் வரியில் இரண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் கையெழுத்தக்காவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்தப் பெண் பேனாவை வாங்கி, மெழுகுக் கட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கோட்டின் மேல் நேராகத் தன் பெயரை எழுதினாள்.

கையெழுத்தக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பாரத்தில் நேரத்தைக் குறித்தாள். பத்து ஐம்பது.